வட்டத்துக்கு மூன்று கதைகள்

1

தமிழில் கட்டட விமர்சனம் என்று ஒன்று இல்லை. நாவல் வந்தால் நாலு கூட்டம் நடக்கும். கவிதைத் தொகுப்பு வந்தால் நண்பர்கள் எழுதுவார்கள், வேண்டாதவர்கள் அதைவிடக் கூடுதலாக எழுதுவார்கள். சினிமாவுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் ஒரு சட்டமன்றமோ பஸ் ஸ்டாண்டோ மார்க்கெட்டோ எழும்பி நிற்கும்போது, அதையும் ஒரு பிரதியாக முன்னால் வைத்துக்கொண்டு, இது என்ன சொல்கிறது, யாரிடம் சொல்கிறது, யாரை விட்டுவிட்டுச் சொல்கிறது என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் வரவில்லை. செலவு எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, ரிப்பன் வெட்டியது யார் என்ற மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துபோகிறது. பிடிக்காத நாவலை மூடி வைத்துவிடலாம். பஸ் ஏறப் போகிறவர் கட்டடத்துக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். எல்லோரும் வாசித்தே தீர வேண்டிய பிரதி எதுவோ அதற்குத்தான் விமர்சனம் இல்லை.

'தமிழ் எம்.ஏ. படிச்சவனுக்கு இதுல என்னவே வேலை?' என்று பாளையங்கோட்டை நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கம்பி எத்தனை டன், கான்கிரீட் எந்தத் தரம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது கட்டடங்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு கதையைக் கூட்டிக்கொண்டு வருகின்றன. இது உங்கள் மரபு, இது உங்கள் மண், உங்கள் பண்பாட்டை எடுத்துத்தான் இந்த வடிவத்தைச் செய்தோம் என்று வரைபடத்தோடு கூடவே ஒரு கதையாடலும் மேசைமேல் வைக்கப்படுகிறது. கதை என்று வந்துவிட்ட பிறகு அதை விசாரிப்பது நம்முடைய வேலை.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஜிஎம்பி. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் 1965-இல் மைன்ஹார்ட் ஃபான் கெர்கான், ஃபோல்க்வின் மார்க் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் தொடங்கிய நிறுவனம். 1974-இல் திறந்த பெர்லின் டேகல் விமான நிலையம் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது. பிறகு ஐரோப்பாவைத் தாண்டி சீனா, வியட்நாம் என்று வேலை விரிந்தது. சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் கட்டிய புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகமும் இவர்கள் வரைந்ததே. ஒரே நிறுவனம் பல தேசங்களுக்கு வரைந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, தனித்தனியாகப் படித்தால் புலப்படாத ஒன்று புலப்படுகிறது. அதை வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு வரலாம்.

2

முதல் வட்டம் சீனாவில் இருக்கிறது. ஷாங்காயின் தென்கிழக்குக் கடற்கரையில் எட்டு லட்சம் பேருக்கென்று திட்டமிட்ட லிங்காங் புதுநகரத்தை ஜிஎம்பி 2000-களின் தொடக்கத்தில் வரைந்தது. நிலத்தில் ஒரு பகுதி கடலைத் தூர்த்து எடுத்தது. நடுவில் இரண்டரை கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டமான ஏரி, அதைச் சுற்றி வளையம் வளையமாக நகரம். இதற்குச் சொன்ன கதை: நீரில் ஒரு துளி விழுகிறது, அலைவட்டங்கள் விரிகின்றன, அந்த அலைகளே நகரத்தின் வளையங்கள். ஏரிக்கும் சொட்டும் நீர் என்ற பொருளிலேயே பெயர் வைத்தார்கள்.

இரண்டாவது வட்டம் ஹனோயில். 2014-இல் திறந்த வியட்நாம் தேசிய சட்டமன்றத்தில் சதுரக் கட்டடத்துக்குள் வட்டமான மன்றம் உட்கார்ந்திருக்கிறது. வட்டம் வானம், சதுரம் பூமி என்ற பழைய நம்பிக்கை அதற்குப் பொருளாகச் சொல்லப்படுகிறது.

மூன்றாவது வட்டம் நம்முடையது. ஓமந்தூரார் தோட்டத்தில் வட்டக் கட்டடங்கள் சங்கிலிக் கண்ணிபோல ஒன்றையடுத்து ஒன்று நிற்கின்றன. சட்டமன்றத்துக்கான வட்டத்துக்கு மேலே ஒரு குவிமாடம். இதற்குக் கிடைத்த பெயர் திராவிடக் கட்டடக்கலை.

குறிப்பான் ஒன்று, குறிப்பீடு மட்டும் தேசத்துக்குத் தேசம் மாறுகிறது. இதில் மோசடி இருப்பதாக நான் சொல்லவில்லை. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உள்ள உறவு இயற்கையானது இல்லை என்பதை சசூர் வழியாக நாம் முப்பது, நாற்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். வட்டத்துக்கு நீர்த்துளி என்றும் பொருள் சொல்லலாம், வானம் என்றும் சொல்லலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பொருளை யார் யாருக்குச் சொல்கிறார்கள்?

'திராவிடக் கட்டடக்கலை' என்ற சொல்லையே பாருங்கள். நம் கோயில்களின் உச்சியில் இருப்பது விமானமும் சிகரமும். இவ்வளவு பெரிய குவிமாடத்தைச் சென்னைக்காரர்கள் நெடுநாளாகப் பார்த்துவந்தது 1892-இல் திறந்த உயர் நீதிமன்றம் போன்ற இந்தோ-சாரசனிக் கட்டடங்களில்தான். அந்தப் பாணியும் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் 'இதுதான் உங்கள் மரபு' என்று நமக்கே தொகுத்துக் கொடுத்தது. ஆக, வெளியிலிருந்து வருகிறவர் உள்ளூர் மரபைத் தேர்ந்தெடுத்து உள்ளூர்க்காரனுக்குத் திருப்பித் தருவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல.

அதே சமயம் வட்டக் கதை சொல்வது வெளிநாட்டுக்காரர் மட்டும் செய்கிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பரிபாடல் திரட்டில் மதுரை ஒரு தாமரையாகிறது. தெருக்கள் இதழ்கள், நடுப்பொகுட்டு கோயில், குடிமக்கள் மகரந்தம், பரிசில் வாங்க வருகிறவர்கள் வண்டுகள். இன்று நாம் நடக்கிற சித்திரை வீதியும் ஆவணி மூல வீதியும் மாசி வீதியும் சதுரம், நாயக்கர் காலத்து ஒழுங்கு. பாட்டு கண்ட பழைய மதுரை என்ன வடிவம் என்பது இங்கே விஷயமில்லை. அந்த உருவகத்துக்குள்ளேயே வண்டுகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருப்பதுதான் விஷயம். நகரத்தை மலராகப் பார்க்கிற கண், மேலேயிருந்து பார்க்கிற கண். நடுவில் இருக்கிறவரை நோக்கிப் பாடுகிற வாய், பரிசில் பெறப்போகிற வாய். மகரந்தமாக இருக்கிற குடிக்கு அந்தத் தாமரை எங்கிருந்தும் தெரியாது, தெருதான் தெரியும். சர்வதேசக் கட்டடக்கலைப் போட்டிக்கு அனுப்புகிற விளக்கக் குறிப்பை நான் இந்த மரபில் வைத்துத்தான் படிக்கிறேன். அதன் உள்ளுறை வாசகர் குடிமகன் இல்லை, தேர்வுக் குழுவும் முதலமைச்சரும்தான். வானத்திலிருந்து பார்த்தால் மட்டுமே வட்டமாகத் தெரிகிற ஒன்றை நம் பண்பாட்டின் குறி என்று சொல்ல முடிவது அதனால்தான்.

3

ரோலான் பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' 1968-இல் பிரெஞ்சில் வெளிவந்தது. சிறுபத்திரிகை வாசகர்களுக்கு அதை மறுபடி விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கட்டுரையைக் கட்டடத்தின்மேல் வைத்துப் பார்த்தால், நாம் வழக்கமாக வந்து சேருகிற முடிவுக்கு வர முடிவதில்லை.

பெர்லின் மத்திய ரயில் நிலையத்தை வரைந்ததும் ஃபான் கெர்கானின் நிறுவனம்தான். 2006 மே மாதம் திறந்தார்கள். கீழ்த்தளத்துக்கு அவர் வரைந்திருந்தது வளைவுக் கூரை. ரயில்வே நிறுவனம் செலவும் காலமும் கருதித் தட்டையான உள்கூரையைப் போட்டுவிட்டது. அவர் வழக்குப் போட்டார். 2006 நவம்பரில் பெர்லின் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: கட்டடமும் படைப்பு, படைத்தவரைக் கேட்காமல் அதைச் சிதைத்தது தவறு. பிறகு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. கூரை தட்டையாகவே இருக்கிறது. ஆனாலும் ஆசிரியன் அங்கே உயிரோடு இருக்கிறான், வக்கீலும் வைத்திருக்கிறான்.

அதே நிறுவனத்தின் சென்னைப் பிரதிக்கு நடந்தது என்ன? 2008-இல் அடிக்கல். பழைய அரசினர் இல்லத்தை இடித்துத்தான் இடம் எடுத்தார்கள். 2010 மார்ச் 13-ஆம் தேதி பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அன்றைக்கு உண்மையான குவிமாடம் முடிந்திருக்கவில்லை. விழாவுக்காக மேலே நின்றது சினிமாக் கலை இயக்குநர் தோட்டா தரணி போட்ட செட். குறிப்பீடு தயாராக இருந்தது, குறிப்பான்தான் வந்து சேரவில்லை. ஒரு வருஷம் கழித்து ஆட்சி மாறியது. ஜெயலலிதா அரசு மறுபடி செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கே போனது. 2011 ஆகஸ்டில் அந்தக் கட்டடம் ஆஸ்பத்திரியாகும் என்று அறிவித்தார்கள். எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களும் இருந்தார்கள். 2014 பிப்ரவரியில் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை திறந்தது. 2021-இல் திமுக திரும்பி வந்த பின்னும் அது ஆஸ்பத்திரியாகவே இருக்கிறது.

'திராவிட' என்ற சொல்லுக்குக் கட்டடக்கலையில் ஒரு பொருள், கட்சி அரசியலில் இன்னொரு பொருள். ஹாம்பர்க்கில் முதல் பொருளை எழுதினார்கள். கோட்டைக்குத் திரும்பியவர்கள் இரண்டாவது பொருளை, அதிலும் ஒரு கட்சியின் கையெழுத்தை மட்டும், அதில் வாசித்தார்கள். வாசிப்பு மாறியதும் கட்டடத்தின் பயனே மாறிவிட்டது. எந்த நாவலுக்கும் இப்படி ஒரு மறுவாசிப்பு நடந்ததில்லை.

இந்த இடத்தில் பார்த் சொன்னபடி வாசகன் பிறந்துவிட்டான் என்று கொண்டாடலாமா? ஓரளவுக்குக் கொண்டாடலாம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, ஒரு பையில் ஸ்கேன் ரிப்போர்ட்டும் இன்னொரு பையில் மாற்றுத் துணியுமாக 'ஓமந்தூரார் ஆஸ்பத்திரி'க்குப் போகிறவர்களுக்கு ஃபான் கெர்கான் யார் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சட்டமன்றமாக இருந்தால் வாசலில் போலீஸ் பாஸ் கேட்கிற இடத்தில் அவர்கள் ஓ.பி. சீட்டோடு நிற்கிறார்கள். ஒரு அதிகாரக் குறி இப்படிப் பிழைப்புக்கு உதவுகிற இடமானதில் எனக்கு வருத்தம் கிடையாது.

ஆனால் இந்த மறுவாசிப்பைச் செய்தது நோயாளிகள் அல்லர். ஒரு முதலமைச்சர் எழுதியதை அடுத்த முதலமைச்சர் அடித்துத் திருத்தினார், அவ்வளவுதான். சட்டமன்றம் வேண்டுமா என்று 2008-இலும் நம்மைக் கேட்கவில்லை, ஆஸ்பத்திரி வேண்டுமா என்று 2011-இலும் கேட்கவில்லை. டெல்லி பிரகதி மைதானத்தின் 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' 2017-இல் இடிக்கப்பட்டபோது அதை வரைந்த ராஜ் ரேவல் வழக்குப் போட்டார். கட்டடத்தின் சொந்தக்காரர் இடிப்பதைக் கட்டடக் கலைஞர் தடுக்க முடியாது என்று 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெர்லினில் நீதிமன்றம் ஆசிரியனின் குரலைக் கேட்டது, டெல்லியில் உடைமையாளனின் குரலை. இரண்டு தீர்ப்பிலும் அந்த ரயில் நிலையத்தில் நடக்கிறவனோ கண்காட்சிக்குக் கூட்டத்தோடு போனவனோ வாதி இல்லை, பிரதிவாதி இல்லை, சாட்சிகூட இல்லை. ஆசிரியன் செத்தால் வாசகன் பிறப்பான் என்பது புத்தகத்துக்குச் சரியாக இருக்கலாம். கட்டடத்தில் ஆசிரியன் சாகிற இடத்தில் பெரும்பாலும் முதலாளியோ மந்திரியோ உட்கார்ந்துகொள்கிறார்.

4

இதைப் படித்துவிட்டு, 'அப்போ வெளிநாட்டுக் கம்பெனிய விரட்டிட்டு நம்ம ஸ்தபதிகளக் கூப்பிடுவோம்' என்று சிலர் கிளம்பக்கூடும். அந்த இடத்தில் நான் அவர்களோடு இல்லை. 'நம்ம மரபு' என்கிறபோது அந்த 'நம்ம'வுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் நகர முடியாது.

திருநெல்வேலி டவுண் நெல்லையப்பர் கோயிலை நடுவில் வைத்து நாலு ரத வீதிகளாக விரிந்த ஊர். சுற்றுலாக் கையேட்டில் இது அழகான ஒழுங்கு. ஆனால் அந்த ஒழுங்கின் நடுவிலிருந்து தூரம் கூடக்கூட மனிதர்களின் மதிப்புக் குறைந்துகொண்டே போனதும் அதே வடிவத்தின் பகுதிதான். கோயில் வாசலும் ரத வீதியும் யாருக்குத் திறந்திருந்தன, யாருக்கு மூடியிருந்தன என்பது தென் தமிழ்நாட்டின் நூற்றைம்பது வருஷச் சண்டை. எந்தச் சர்வதேச நிறுவனமும் 'உள்ளூர்ப் பண்பாடு' என்று எடுக்கும்போது கோபுரத்தையும் மண்டபத்தையும் எடுக்கிறது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கிடந்த தூரத்தை எடுத்து எவரும் முகப்பில் வைப்பதில்லை.

எங்கள் பக்கத்துக்குச் சர்வதேச வடிவம் முதலில் வந்தது மிஷன் வழியாகத்தான். லண்டனில் தலைமையிடம் வைத்துக்கொண்டு ஆப்பிரிக்கா, கரீபியன், இந்தியா என்று வேலை செய்த சபைகள் கட்டடக்கலை நிறுவனங்கள் இல்லைதான். ஆனால் ஒரே கோதிக் வடிவத்தைக் கண்டம் கண்டமாகக் கொண்டுபோனதில் அவை இன்றைய நிறுவனங்களுக்கு முன்னோடி. தேரிக்காட்டு ஓரத்து இடையன்குடிக்கு 1841-இல் வந்த கால்டுவெல், ஒப்பிலக்கணம் எழுதுவதற்கு முன்னால், ஊருக்கு நேர்கோட்டில் தெருப் போட்டார், கிணறு வெட்டினார், மரம் நட்டார். 1847-இல் தொடங்கிய கோதிக் தேவாலயம் 1880-இல்தான் முடிந்தது. ரத வீதியில் நடக்க முடியாதவர்களுக்கு அந்த நேர்த்தெரு என்னவாக இருந்திருக்கும்? மரபுவாதிகள் அதை அந்நிய வடிவம் என்று கழிக்கலாம். அங்கே குடியிருந்தவர்களுக்கு அது நிமிர்ந்து நடக்கக் கிடைத்த இடம்.

அதோடு கதை முடிந்தால் நன்றாக இருக்கும். தெருப் போட்ட அதே கை 1849-இல் அந்தத் தெருவில் குடியிருந்த மக்களைப் பற்றி அவர்களைத் தாழ்த்துகிற விதமாக ஒரு நூலையும் எழுதியது. அந்த மக்களே பின்னால் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர் போட்ட தெருவில் தொடர்ந்து வாழ்ந்தார்கள், அவர் எழுதிய கதையை மட்டும் ஏற்க மறுத்தார்கள். வடிவத்தை எடுத்துக்கொண்டு அதோடு வந்த கதையைத் திருப்பி அனுப்புகிற இந்த வாசிப்பு எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. இதை எந்தக் கோட்பாட்டாளரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

5

இனி தாமிரபரணிக்கு வருவோம். நதிக்கரையில், நஞ்சை நிலத்தில், சர்வதேச நிறுவனங்களை வைத்து ஒரு நகரம் வரைந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் அமராவதி இருக்கிறது. கிருஷ்ணா கரையில் விவசாயிகளிடமிருந்து சுமார் 33,000 ஏக்கரைத் திரட்டினார்கள். சிங்கப்பூர் நிறுவனங்கள் 2015-இல் முழுமைத் திட்டம் கொடுத்தன. ஜப்பானின் மாகி நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, கைவிட்டு, லண்டனின் ஃபாஸ்டர் நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். 2019-இல் ஆட்சி மாறியதும் எல்லாம் நின்றது. 2024-இல் மறுபடி மாறியதும் மறுபடி தொடங்கியது. ஓமந்தூரார் தோட்டத்தின் அதே இலக்கணம், பல ஆயிரம் ஏக்கர் அளவில். நிலம் கொடுத்தவர்களுக்கு மனை உண்டு. நிலமே இல்லாமல் அந்த வயலில் நாற்று நட்டவர்களுக்குத் தொடக்கத்தில் கொடுத்தது மாதம் 2,500 ரூபாய் உதவித்தொகை. திட்டமிடுபவர்களின் மொழியில் இதற்கு 'கிரீன்ஃபீல்டு' என்று பெயர். பசுமையான வயல் என்பது சொல்லின் பொருள். காலி இடம் என்பது சொல்லாடலின் பொருள்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், பதினொரு கால்வாய்கள், சுமார் 86,000 ஏக்கர் நஞ்சை. ஸ்ரீவைகுண்டம் அணை வெள்ளைக்காரர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. சுத்தமல்லியில் பிரிகிற நெல்லைக் கால்வாய் டவுணைத் தொட்டு நயினார்குளத்துக்கு வருகிறது. பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போகிறது. இதுவும் ஒரு நகரத் திட்டம்தான். ஆனால் இதற்கு ஒற்றை ஆசிரியன் கிடையாது. பல நூற்றாண்டுகளில் பலர் எழுதி, அழித்து, தூர்வாரி எழுதிய பிரதி. இதையும் புனிதப்படுத்த வேண்டாம்: தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் இருந்த பாகுபாடும், மடை திறந்து அடைத்தவர்களுக்கு அந்த நிலத்தில் பங்கு இல்லாமல் போனதும் இதே பிரதியின் வரிகள்தாம். சொல்ல வருவது, நிலம் இங்கே ஒருபோதும் வெள்ளைத் தாளாக இருந்ததில்லை என்பதுதான்.

2017 ஜூனில் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் திருநெல்வேலி சேர்ந்தது. இந்த வகைத் திட்டத்தை ஆலோசனை நிறுவனங்கள் ஆங்கிலத்தில் தயாரிக்கின்றன. நிறைவேற்றுவதற்குக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் தனி நிறுவனம் உண்டாகிறது. எங்கள் ஊருக்கும் அப்படி ஒரு கம்பெனி வந்தது. ஹாம்பர்க்கிலிருந்து யாரும் வரவில்லை. ஆனால் எந்த ஊருக்கும் பொருந்துகிற சொற்கள் வந்துவிட்டன. ஜங்ஷன் பெரியார் பஸ் ஸ்டாண்டை 2018-இல் மூடி இடித்தார்கள். பல வருஷம் மக்கள் ரோட்டோரத்தில் நின்று பஸ் ஏறினார்கள். டவுண் போஸ் மார்க்கெட், பாளை காந்தி மார்க்கெட் என்று பழைய சந்தைகளும் இந்தக் கணக்கில் இடிபட்டன.

இங்கே கவனிக்க வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஊரைத் தேர்ந்தெடுத்தது, கம்பெனி அமைத்தது, பஸ் ஸ்டாண்டை இடித்தது எல்லாமே இந்த ஐந்தேகால் வருஷத்துக்குள் வருகின்றன. அப்போது திருநெல்வேலி மாநகராட்சியில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. கேள்வி கேட்க வேண்டிய நாற்காலி காலியாக இருந்தபோது எழுதப்பட்ட பிரதி இது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்தது. ஜங்ஷன், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் தண்ணீரில் நின்றன. 'தண்ணி அதுக்குப் பழகின பாதையிலதான் வந்துது, நாமதான் குறுக்க நிக்கோம்' என்று மேலப்பாளையத்து வயல்காரர் அண்ணாச்சி ஒருவர் சொன்னார். பழைய கால்வாய்ப் பிரதியின்மேல் புதிய பிரதியை எழுதியவர்கள் கீழே இருந்ததை வாசிக்கவில்லை. தண்ணீர் வாசித்துவிட்டது.

கொக்கிரகுளத்தில் வாசிக்காமல் விடப்படுகிற இன்னொரு வரியும் உண்டு. 1999 ஜூலை 23-ஆம் தேதி மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு, ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ஆவணப்படத்துக்கு 'நதியின் மரணம்' என்று பெயர். இன்றைக்கும் அந்தத் தேதியில் கட்சிகள் வந்து ஆற்றில் பூத் தூவுகின்றன, அன்றைக்கும் போலீஸ்தான் குவிகிறது. ஒரு திட்ட வரைபடத்தில் இந்த இடத்துக்கு என்ன நிறம் அடிப்பார்கள்? நதிமுகம், பூங்கா, நடைபாதை என்று எதையாவது எழுதலாம். வெளி என்பது காலிப் பாத்திரம் இல்லை, சமூக உறவுகளால் உற்பத்தியாவது என்று லெஃபெவ்ர் 1974-இல் எழுதியதை நாம் மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறோம். கொக்கிரகுளத்துப் படித்துறையில் நிற்கிறவருக்கு அந்த மேற்கோள் தேவைப்படாது.

6

அப்படியென்றால் வெளியிலிருந்து வருகிற திட்டக்காரர் நம் ஊரைப் படிக்கவே முடியாதா? முடியும் என்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1914-இல் மதராஸ் கவர்னர் பென்ட்லண்ட் கூப்பிட்டு நகரத் திட்டக் கண்காட்சியோடு கிளம்பினார். படங்களும் வரைபடங்களும் வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. பிறகு புதிதாகச் சேகரித்து 1915-இல் மதராஸில் கண்காட்சியை நடத்தினார். மாகாணத்து ஊர்களைச் சுற்றி நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெரிசலான தெருவை இடித்து அகல ரோடு போடுகிற வழக்கத்தை அவர் எதிர்த்தார். எது தேவையோ அதை மட்டும் எடுத்து மற்றதைக் காப்பாற்றுகிற அறுவைச் சிகிச்சை என்று தன் முறையைச் சொன்னார். கொசுவைக் காரணம் காட்டிக் குளங்களை மூடாதீர்கள், மீன் விடுங்கள் என்றார். வைத்தியம் பார்ப்பதற்கு முன் நோயைக் கண்டுபிடி என்பது அவர் கொள்கை. அவரும் கவர்னரின் விருந்தாளிதான், அறிக்கைகளும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. இருந்தாலும் எழுதுவதற்கு முன்னால் வாசித்தார். அந்நியர், உள்ளூர்க்காரர் என்ற பிரிவினையைவிட வாசித்துவிட்டு எழுதுகிறவர், வாசிக்காமல் எழுதுகிறவர் என்ற பிரிவினை நமக்கு அதிகம் பயன்படும்.

ஆனால் நல்ல திட்டக்காரர் வருவார் என்று காத்திருப்பதும் பரிசில் வண்டின் மனநிலைதான். வாசகர்களாகிய நாம் செய்யக்கூடியவை இருக்கின்றன. 1971-ஆம் வருஷத்து தமிழ்நாடு நகர, ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டத்தை வெளியிட்டுப் பொதுமக்களிடம் ஆட்சேபணை, ஆலோசனை கேட்க வேண்டும். கேட்கிறார்கள்; பத்திரிகையின் மூலையில் ஒரு அறிவிப்பு வரும். யாரும் படிப்பதில்லை, படிக்கிற மாதிரி அது எழுதப்படுவதும் இல்லை. திட்டம் முழுதும் தமிழில் வேண்டும் என்பது முதல் கோரிக்கை. மொழிப்போர் நடத்திய மாநிலத்தில் ஊரின் எதிர்காலம் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது என்றால் அதைத் தமிழ் படித்தவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது? வரைபடத்தில் காலியாக விட்டிருக்கும் இடங்களில் உண்மையில் யார் இருக்கிறார்கள், எந்தக் கால்வாய் ஓடுகிறது, அங்கே என்ன நடந்தது என்று எழுதிச் சேர்ப்பது இரண்டாவது வேலை. அதை எழுதக்கூடியவர்கள் மேலப்பாளையத்து வயல்காரரும், போஸ் மார்க்கெட்டில் கடை இழந்தவரும், ஓ.பி. வரிசையில் நின்றவரும்தான். திட்டம் தமிழில் வந்தால்தான் அவர்களால் பதில் எழுத முடியும்.

பாளையங்கோட்டையில் ஒரு நாவலுக்கு மூன்று மணி நேரம் கூட்டம் போடுகிறோம். வரிவரியாகப் பிரிக்கிறோம், மௌனங்களைத் தேடுகிறோம், ஆசிரியனைக் கேள்வி கேட்கிறோம். திருநெல்வேலிக்கான அடுத்த முழுமைத் திட்டம் பொதுப் பார்வைக்கு வரும்போது அதே ஹாலில், அதே நாற்காலிகளைப் போட்டு, அந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டி ஒரு கூட்டம் நடத்துவோம். மாநகராட்சியிலிருந்தும் ஒருவரைக் கூப்பிடுவோம். முதல் கேள்வியை வயல்காரர் கேட்கட்டும்.